மரச்செதுக்கு அச்சோவியம்

மரச்செதுக்கு அச்சோவியம் என்பது, மரப்பலகையில் படம் வரைந்து, தாளில் வெள்ளையாக நிற்க வேண்டிய பகுதிகளை உளியால் குடைந்து அகற்றி, மேடாக எஞ்சிய பரப்பில் உருளையால் மை பூசித் தாளில் ஒற்றி எடுக்கும் கலையாகும். பலகையின் நீளவாட்டத்தில் செதுக்குவது மரச்செதுக்கு எனவும், மரத்தின் குறுக்குவெட்டு முகத்தில் நுண்ணுளியால் கீறுவது மரக்கீறல் எனவும் வழங்கும்; மிருதுவான லினோலியத் தகட்டில் செதுக்குவதை இதனுள் அடக்குவோரும் தனி வகையாகக் கொள்வோரும் உளர்.

தமிழ் அச்சுக்கு மரம் பழைய துணை. 1679இல் அம்பலக்காட்டில் அச்சான புரோயென்சா பாதிரியாரின் தமிழ்–போர்த்துக்கீசிய அகராதி, மரத்தில் செதுக்கிய எழுத்துகளைக் கொண்டு உருவாயிற்று. படை மருத்துவர் அலெக்சாண்டர் ஹண்டர் 1850இல் சென்னையில் தொடங்கிய கலைப்பள்ளியில் மரக்கீறலும் கற்பிக்கப்பட்டது. அப்பள்ளி 1852இல் அரசின் பொறுப்பில் வந்தது என்பது பெருவழக்கான கூற்று. திருவிழாக் கடைகளில் விற்ற பெரிய எழுத்துக் கதைப்புத்தகங்களின் தடித்த கோட்டுப் படங்களும் இம்மரபின் சாயலை உடையவை.

இந்தியாவில் தனிக் கலைப்படைப்பு என்னும் நிலையை இவ்வகை அச்சு வங்காளத்தில்தான் எய்தியது. 1930இல், தண்டி நடைப்பயணத்தை ஒட்டி, சாந்திநிகேதனத்து நந்தலால் போஸ் லினோலியத்தில் செதுக்கிய ‘பாபுஜி’ பெரும்புகழ் பெற்றது. ராஜாஜி திருச்சிராப்பள்ளியிலிருந்து வேதாரண்யத்துக்கு உப்பெடுக்க நடந்த அதே ஆண்டின் படைப்பு அது. முழுக் கருமையான பரப்பில், கோலூன்றி நடக்கும் காந்தியடிகளின் உருவம் சில வெள்ளைக் கோடுகளில் மட்டும் எழுகிறது. செதுக்கிய இடமே ஒளியாகவும் தொடாத இடமே இருளாகவும் நிற்கும் இக்கலையின் இலக்கணத்தை இதைவிடச் சுருக்கமாகக் காட்டும் படம் அரிது. 1943 பஞ்சத்தைத் தூரிகையாலும் மையாலும் பதிவு செய்த சித்தப்பிரசாத் (1915–1978), பின்னர் உழைக்கும் குழந்தைகளை லினோலியத்தில் செதுக்கினார். தலையில் சுமையிருந்தும் அக்குழந்தைகளின் கண்கள் பெரியவையாக, பார்ப்பவரை நேரே நோக்குபவையாக அமைந்திருப்பது குறிப்பிடத்தக்கது. அவர் வழிகாட்டிய சோம்நாத் ஹோர், 1946இன் தேபாகா உழவர் போராட்டத்தை நேரில் கண்டு வரைந்தவற்றைப் பின்னர் மரத்தில் செதுக்கினார். ஹரேன் தாஸ் (1921–1993) கிராம வாழ்வை நுண்கீறல்களில் தந்தவர். அவருடைய கருப்பு-வெள்ளைப் படங்களில் வெயிலுக்கும் நிழலுக்கும் இடையே எண்ணற்ற சாம்பல் நிறங்கள் இருப்பதுபோல் தோன்றினும், அங்குள்ள மை கருப்பு ஒன்றே.

அமெரிக்கரான லியோனார்ட் பாஸ்கினின் ‘அமைதி மனிதன்’ (1952) இந்நுண்கீறல்களுக்கு மறுமுனை: ஏறக்குறைய ஐந்தடி உயரமுள்ள அந்த அச்சில், முள்வேலிக்குப் பின்னே இறந்த பறவையை ஏந்தி நிற்பவனின் உடல், தோலுரித்த நரம்புப் பின்னலாகவே செதுக்கப்பட்டிருக்கிறது. கிட்ட நின்று நோக்குவோர்க்கு உளியின் வேகம் தெரியும். எட்டி நின்றால்தான் மனிதன் தெரிவான்.

தமிழகத்தில் இன்று, சென்னை கிரீம்ஸ் சாலையிலுள்ள லலித் கலா அகாதமி மண்டல மையத்தின் அச்சுக்கூடமும் அரசு கவின்கலைக் கல்லூரியும் இக்கலைக்கு இடமளித்து வருகின்றன.