பாறசாலை எல்லையில் ஒரு பழைய புல்லட்

2023ஆம் ஆண்டு மழைக்காலத்துக்குச் சற்று முன்னர், முதுகலை வரலாறு பயிலும் மாணவர் ஒருவர், தாம் வாங்க எண்ணியிருந்த மோட்டார் சைக்கிளைப் பார்க்க என்னை உடன் அழைத்தார். அவரது வீடு பாறசாலைக்கு அருகில். வண்டி இருந்ததோ களியக்காவிளையைக் கடந்து மார்த்தாண்டம் செல்லும் வழியில் ஒரு பட்டறையில். 1980களின் பிற்பகுதியில் வெளிவந்த என்ஃபீல்டு புல்லட் 350 அது. மாணவர் ஓட்டுநர் உரிமம் பெற்று நான்கு மாதங்களே ஆகியிருந்தன. அவருடைய தாத்தா அத்தகைய வண்டி ஒன்றை ஓட்டியவர். அந்த ஒலியைக் கேட்டு வளர்ந்த பேரனுக்கு வேறு வண்டியில் மனம் செல்லவில்லை.

அன்று பட்டறையில் நாங்கள் கண்டவற்றுள் இரண்டு செய்திகள் வரலாற்று மாணவர்கள் கருதத்தக்கவை. ஒன்று வண்டியின் வலப்புறக் கால்மிதி. மற்றொன்று அதன் ஆர்.சி. புத்தகம்.

முதலில் கால்மிதி. அவ்வண்டியில் கியர் வலக்காலுக்கு, பின்சக்கர பிரேக் இடக்காலுக்கு. முதல் கியரை மேல்நோக்கித் தூக்கவேண்டும். ஏனைய மூன்றையும் கீழ்நோக்கி அழுத்தவேண்டும். இன்றைய வண்டிகளில் பழகியவருக்கு இது முற்றிலும் தலைகீழ். நம் மாணவரின் நிலை இன்னும் வேடிக்கையானது. கேரளத்தில் 2024 வரை உரிமத் தேர்வின் ‘எட்டு’ வளைவைப் பெரும்பாலோர் பஜாஜ் எம்80 வண்டியில்தான் போட்டனர், அவரும் அவ்வாறே. அதில் கியர் இடக்கைப்பிடியில் இருக்கும். கையால் கியர் மாற்றித் தேறியவர், 160 கிலோகிராமுக்கு மேல் எடைகொண்ட வண்டியில் வலக்காலால் கியர் மாற்ற வேண்டியிருந்தது. பட்டறை வாசலில் ஓட்டிப் பார்த்தபோது, பிரேக் என்று எண்ணி அவர் வலக்காலை அழுத்தினார். கியர் மாறிற்று, வண்டி நிற்கவில்லை. எதிரே வாழைத்தோட்டம் இருந்ததால் எவருக்கும் காயமில்லை. அதே தவறு தேசிய நெடுஞ்சாலையில் நேர்ந்திருந்தால் இப்பதிவை நான் வேறு தொனியில் எழுதியிருப்பேன்.

அந்தத் தலைகீழ் அமைப்பு எங்கிருந்து வந்தது? புல்லட் பிறந்தது இங்கிலாந்தின் ரெட்டிச் நகரில். வலக்கால் கியர் அக்காலப் பிரிட்டிஷ் வண்டிகளின் பொதுவழக்கு. இந்திய இராணுவத்தின் தேவையை ஒட்டி, 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனம் ரெட்டிச்சோடு இணைந்து என்ஃபீல்டு இந்தியா நிறுவனத்தைத் தொடங்கியது. சென்னைக்கு வடக்கே திருவொற்றியூரில் ஆலை எழுந்தது. முதலில் உதிரிபாகங்களைக் கப்பலில் வரவழைத்துப் பூட்டினர். 1960களில் அனைத்தையும் இங்கேயே செய்தனர். 1967இல் ரெட்டிச் ஆலை மூடப்பட்டது. தாய் மறைந்தபின்னும் பிள்ளை அதே வார்ப்பிரும்பு எஞ்சினை, 70 மி.மீ. விட்டமும் 90 மி.மீ. வீச்சும் கொண்ட 346 சி.சி. வடிவில், தொடர்ந்து செய்துவந்தது.

1970களின் நடுவில் அமெரிக்கா, தன் சந்தைக்கு வரும் மோட்டார் சைக்கிள்களில் கியர் இடக்காலுக்கே இருக்கவேண்டும் என்று விதித்தது. நார்டன், டிரையம்ப் முதலிய பிரிட்டிஷ் நிறுவனங்கள் அதற்காகத் தம் வண்டிகளை மாற்றியமைத்தன. திருவொற்றியூருக்கு அந்தக் கட்டாயம் எழவில்லை. இறக்குமதிக் கட்டுப்பாடும் தொழில் உரிம முறையும் அரண் செய்த உள்நாட்டுச் சந்தையே அதற்குப் போதுமாயிருந்தது. இராணுவமும் காவல்துறையும் வாங்கின. வாங்கியவர்களின் கால்கள் பழகிவிட்டன. 1985ஐ ஒட்டி ஹீரோ ஹோண்டா சிடி100, யமஹா ஆர்எக்ஸ்100 ஆகியவை இடக்கால் கியரோடு வந்து சந்தையைக் கைப்பற்றியபோதும் புல்லட் மாறவில்லை. இந்நூற்றாண்டின் முதற்பத்தாண்டிலேதான் இடக்கால் கியர் அதில் படிப்படியாக இடம்பெற்றது. ஆகவே அந்தக் கால்மிதியைப் பொறியியல் விருப்பமாக மட்டும் நான் காணவில்லை. மூடிய பொருளாதாரம் ஒன்றின் எச்சமாகவும் காண்கிறேன்.

இனி ஆர்.சி. புத்தகம். அது இன்னும் சிக்கலானது. அதன் வேர் 1956இல் இருக்கிறது.

அவ்வாண்டு நவம்பர் 1ஆம் நாள் மாநிலங்கள் மொழிவழி சீரமைக்கப்பட்டபோது, தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் சென்னை மாநிலத்தோடு இணைந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரஸின் கோரிக்கையில் நெய்யாற்றின்கரையும் இடம்பெற்றிருந்தது. ஆயினும் அது கேரளத்திலேயே நின்றது. அதுவரை ஒரே அரசின் கீழிருந்த விளவங்கோட்டுக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவே மாநில எல்லை விழுந்தது. கொள்வினை கொடுப்பினை, சந்தை, கோயில், தேவாலயம் எவையும் இதனால் நின்றுவிடவில்லை. இன்றும் இஞ்சிவிளையில் வீடும் களியக்காவிளையில் கடையும் கொண்டோர் உள்ளனர்.

மோட்டார் வண்டிக்கு மட்டும் அந்தச் சலுகை இல்லை. அரசமைப்பின் ஏழாம் அட்டவணையில், மாநிலப் பட்டியலின் 57ஆம் இனம் வாகன வரியை மாநிலங்களுக்கு ஒதுக்குகிறது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 47ஆம் பிரிவின்படி, ஒரு மாநிலத்தில் பதிவான வண்டியை வேறு மாநிலத்தில் 12 மாதங்களுக்கு மேல் வைத்திருந்தால் அங்கே புதிய பதிவெண் பெறவேண்டும். அதற்கு 48ஆம் பிரிவின்படி பழைய அலுவலகத்தின் தடையின்மைச் சான்று தேவை. சில கிலோமீட்டர் இடைவெளியில் டி.என்.75 எண் கே.எல்.19 ஆக மாறுவதற்கு இத்தனை படிகள். 2017இல் சரக்கு, சேவை வரி வந்தபின் வணிகவரிச் சோதனைச்சாவடிகளின் காலம் முடிந்தது. வாகனப் பதிவின் எல்லையோ அப்படியே நிற்கிறது.

நாங்கள் கண்ட புத்தகத்தில் வண்டியின் எண், 1989இல் நடைமுறைக்கு வந்த இன்றைய எண்முறைக்கும் முந்தையது. பதிவு உரிமையாளர் காலமாகிவிட்டார். அவருக்குப் பின் வண்டி இருமுறை கைமாறியிருந்தது. பெயர் ஒருமுறைகூட மாறவில்லை. கடைசியாகப் புதுப்பித்த காலமும் முடிந்து ஆறாண்டுகள் கடந்திருந்தன. “இந்தப் பக்கம் எல்லாரும் இப்படித்தான் ஓட்டுகிறார்கள் சார்” என்றார் விற்பவர். அவர் பொய் சொல்லவில்லை, ஏமாற்றுக்காரரும் அல்லர். எல்லையின் காகிதச் சுமையைத் தவிர்க்க இருபுறத்து மக்களும் கண்ட வழி அது: வண்டியைக் கொடு, புத்தகத்தைக் கொடு, பெயரை விட்டுவிடு.

ஆனால் அந்த வழக்கத்தின் விலையை யாரோ ஒருவர் கொடுக்கிறார். பெயர் மாற்றாமல் விற்ற வண்டி விபத்துக்குள்ளானால், பதிவேட்டில் உரிமையாளராக இருப்பவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018இல் தீர்ப்பளித்தது. பதிவு காலாவதியான வண்டிக்குக் காப்பீட்டை நம்பியிருக்கவும் இயலாது. ஓட்டப் பழகாத ஒருவர், இறந்துபோன ஒருவரின் பெயரில் ஓடும் வண்டியில் விபத்தைச் சந்தித்தால், அடிபட்டவர் எவரிடம் போய் நிற்பார்?

மாணவரிடம் மூன்று செய்திகளைச் சொன்னேன். சேசிஸ் எண்ணையும் எஞ்சின் எண்ணையும் புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும். இந்த வயதுடைய புல்லட்களில் எஞ்சின் மாற்றப்பட்டிருப்பது அரிதன்று. இறந்தவரின் வாரிசு தம் பெயருக்கு மாற்றித் தடையின்மைச் சான்றும் பெற்றுத் தரும்வரை பணம் கொடுக்கலாகாது. மூன்றாவதாக, சட்டப்படி அனைத்தும் சரியானாலும், முதல் வண்டியாக இது வேண்டாம். இடக்கால் பிரேக்குக்குப் பழகும் நாள்களை நெரிசலான சாலையில் கழிக்கவேண்டியதில்லை.

எண்கள் பொருந்தின. வாரிசுகள் வெளிநாட்டில் இருந்தனர், கையொப்பம் வரவில்லை. இரண்டு மாதம் காத்திருந்தபின், நெய்யாற்றின்கரையில் ஒருவர் தம் பெயரிலேயே வைத்திருந்த கே.எல்.20 வண்டியை மாணவர் வாங்கினார். 2010ஐ ஒட்டி வார்ப்பிரும்பு எஞ்சினுக்கு மாற்றாக வந்த புதிய எஞ்சின், இடக்கால் கியர், 350 சி.சி. பெயர் மாற்றம் முறைப்படி நடந்தது. தாத்தாவின் வண்டி எழுப்பிய ஒலி இதில் இல்லை என்று இன்னும் குறைபடுகிறார். அந்தக் குறை நியாயமானதே.

எல்லைப் பகுதியில் பழைய வண்டி தேடும் மாணவர்களுக்கு: ஆர்.சி. புத்தகத்தை முதற்சான்றாகக் கொள்ளுங்கள். ஆவணக்காப்பகத்தில் நீங்கள் கேட்கும் கேள்விகளையே அதனிடமும் கேளுங்கள். யார் எழுதியது, எப்போது, எந்தப் பெயர் விடுபட்டிருக்கிறது?