ஒயரும் ஒரு பெட்ரோல் குழாய்தான்

ஸ்போர்ட்ஸ் காரின் சக்தியைக் கூட்டுவது பற்றிப் பேச்சு வந்தால் எல்லாரும் டர்போவைப் பற்றித்தான் பேசுவாங்க. அப்புறம் பெரிய இன்ஜெக்டர், பெரிய பம்ப். பின்னாடி டேங்குக்குள்ள இருக்கிற பம்புக்கு மின்சாரம் கொண்டுபோகும் மெல்லிசு ஒயரைப் பற்றிப் பேச்சே வராது. ஆனா மாற்றியமைத்த என்ஜின் பிழைக்கிறதும் சாகிறதும் பல நேரம் அந்த ஒயர் கையில்தான் இருக்கு. இந்த நிலைமை எப்படி வந்ததுன்னு புரிய கொஞ்சம் பின்னோக்கிப் போகணும்.

கார்புரேட்டர் காலத்தில் பெட்ரோல் பம்ப் பெரும்பாலும் என்ஜினோடயே ஒட்டியிருந்தது. கேம் ஷாஃப்ட் சுற்றும்போது ஒரு நெம்புகோலைத் தட்டும், பெட்ரோல் ஏறும். என்ஜின் நின்றால் பம்பும் நிற்கும். 1954-ல் வந்த மெர்சிடிஸ் 300 எஸ்எல் காரில் பாஷ் நிறுவனத்தின் இன்ஜெக்ஷன் பம்ப் சிலிண்டருக்குள்ளேயே நேரடியாகப் பெட்ரோலைப் பீய்ச்சியது. அதையும் என்ஜின்தான் சுழற்றியது. அதனால ஒரு வினோதமும் உண்டு: சாவியை அணைத்த பிறகும், என்ஜின் முழுசா நிற்கும் வரை பெட்ரோல் போய்க்கிட்டே இருக்கும். எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கி என்ஜின் ஆயிலோடு கலந்துடும்.

மின்சாரத்தை நம்பி இறங்கிய ஆரம்ப முயற்சிகளில் ஒன்று அமெரிக்காவின் பெண்டிக்ஸ் நிறுவனத்துடையது. அவங்க செய்த எலக்ட்ரோஜெக்டரை 1958-ல் கிரைஸ்லர் தன் கார்கள் சிலவற்றில் பொருத்தியது. அந்தக் காலத்து மின்னணு பாகங்களால் என்ஜின் அறையின் சூட்டையும் ஈரத்தையும் தாங்க முடியலை. விற்ற சில டஜன் கார்களில் பெரும்பாலானவற்றுக்குத் திரும்பவும் கார்புரேட்டரே மாட்ட வேண்டியதாச்சு. பெண்டிக்ஸின் காப்புரிமைகளை வைத்து பாஷ் உருவாக்கிய டி-ஜெட்ரானிக் 1967-ல் ஃபோக்ஸ்வேகன் 1600-ல் வந்தது. அதில் பம்பும் மின்சாரத்தில்தான் ஓடியது. என்ஜினுக்கும் பம்புக்கும் இருந்த நேரடிப் பிணைப்பு அறுந்து, அந்த இடத்தில் ஒரு ஒயர் வந்து உட்கார்ந்தது.

என்ஜின் நின்னாலும் ஓடக்கூடிய பம்ப் ஆபத்தானது. விபத்தில் குழாய் உடைந்தால் சூடான என்ஜின் மேலேயே பெட்ரோலைக் கொட்டும். இதை பாஷ் பொறியாளர்கள் யோசிக்காம இல்லை. 1970-களின் எல்-ஜெட்ரானிக்கில் காற்றை அளக்கும் ஒரு மடல் உண்டு. என்ஜின் நின்று காற்று நின்றால் மடல் மூடிக்கொள்ளும், உள்ளே இருக்கும் ஒரு சின்ன சுவிட்ச் பம்பை நிறுத்திவிடும். சக்தியைக் கூட்ட நினைத்தவர்கள் முதலில் கழற்றி எறிந்தது காற்றுக்குத் தடையாக இருந்த அந்த மடலைத்தான். அதோட பாதுகாப்பு சுவிட்சும் போச்சு. சாவியிலிருந்து பம்புக்கு நேரா ஒயர் இழுத்தவங்க, தெரியாமலே ஒரு தீ விபத்துக்கான ஏற்பாட்டையும் சேர்த்துச் செய்தாங்க.

1989-க்கு வருவோம். 280 குதிரைத்திறனுக்கு மேல் விளம்பரப்படுத்துவதில்லைன்னு ஜப்பான் நிறுவனங்கள் தங்களுக்குள் பேசி வைத்திருந்த காலம். அந்த வருஷம் நிசான் வெளியிட்ட ஸ்கைலைன் ஜிடி-ஆர் காரில் 2,568 சிசி, ஆறு சிலிண்டர், இரண்டு டர்போ. இதன் பந்தய வடிவம் 500 குதிரைத்திறனைத் தாண்டியது. 1990 முதல் 1993 வரை ஜப்பானின் டூரிங் கார் போட்டிகளில் கலந்துகொண்ட 29 பந்தயங்களிலும் ஜெயித்தது. ஆஸ்திரேலியாவின் பாத்தர்ஸ்ட் பந்தயத்தை 1991, 1992 என இரண்டு வருஷம் வென்றது. வீட்டு கார் வைத்திருந்தவங்களுக்கும் அந்த 500 மேல ஆசை வராம இருக்குமா?

கணக்கைப் பாருங்க. டர்போ என்ஜின் முழுச் சுமையில் ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்கு சுமார் 270 கிராம் பெட்ரோல் குடிக்கும். 280-க்கு மணிக்கு 100 லிட்டர் போதும். 500-க்கு 180 லிட்டருக்கு மேல வேணும். ஸ்கைலைனில் வந்த இன்ஜெக்டர்கள் நிமிஷத்துக்கு சுமார் 440 சிசி விடுபவை. பாதுகாப்பாக 80 சதவீதம் வரை திறந்து வைத்தால் ஆறும் சேர்ந்து சுமார் 127 லிட்டர், அதாவது 350 குதிரைத்திறன் வரைதான். அதற்கு மேல போனால் யானைப் பசிக்குச் சோளப்பொரி கதை.

சரி, இன்ஜெக்டரையும் பம்பையும் மாத்தியாச்சு. ஒயர்? பெரிய பம்ப் 10 ஆம்பியருக்கு மேல இழுக்கும். 1 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் 5 மீட்டர் ஓடினால் அதிலேயே 0.85 வோல்ட் போயிடும். பழைய கனெக்டர், சாவி சுவிட்ச், துருப்பிடித்த எர்த் எல்லாம் சேர்ந்தால் 2 வோல்ட் காணாமல் போவது சாதாரணம். லோ வோல்டேஜில் மிக்ஸி திணறுவது மாதிரி பம்பும் திணறும்.

இதில் கொடுமை நேரம்தான். டர்போ 1 பார் அழுத்தம் கொடுக்கும்போது பெட்ரோல் அழுத்தம் 3-லிருந்து 4 பாராக ஏறணும். அழுத்தம் ஏறினால் பம்ப் தள்ளும் அளவு குறையும், இழுக்கும் ஆம்பியர் கூடும். ஆம்பியர் கூடினால் ஒயரில் இழப்பும் கூடும். என்ஜினுக்கு அதிகப் பெட்ரோல் தேவைப்படும் அதே நொடியில் வரத்து சுருங்குது. கலவை மெலிந்து, நாக்கிங் வந்து, பிஸ்டன் உடையும் அல்லது உருகும். ஐடிலில் நிறுத்தி வைத்து அளந்தால் எல்லாம் சரியாத்தான் தெரியும்.

தொழிற்சாலை ஒயர் மெலிசா இருப்பதைக் குறை சொல்ல முடியாது. அது சின்ன பம்புக்காகப் போட்டது. 1993 டொயோட்டா சுப்ராவில் பம்புக்கென்றே ஒரு தனிக் கட்டுப்பாட்டுப் பெட்டி இருக்கு. சாதாரண ஓட்டத்தில் வோல்டேஜை வேணும்னே குறைத்து, கடும் சுமையில்தான் முழுசா கொடுக்கும்.

தீர்வு எளிமையானது. பேட்டரியிலிருந்து தடிமனான தனி ஒயர், பேட்டரி பக்கத்திலேயே ஃபியூஸ், பம்ப் பக்கத்தில் ரிலே, பாடியைச் சுரண்டிப் போட்ட நல்ல எர்த். 4 சதுர மில்லிமீட்டர் ஒயரில் அதே 10 ஆம்பியருக்கு இழப்பு சுமார் 0.2 வோல்ட்தான். ரிலேயை இயக்கும் கட்டளை மட்டும் காரின் கம்ப்யூட்டரிடமிருந்தே வரணும். என்ஜின் நின்றால் பம்ப் நிற்கணும் என்ற பழைய பாடம் அங்கேதான் இருக்கு. மாத்தி முடிச்சதும் பம்பின் முனையில், முழுச் சுமையில், வோல்டேஜை அளந்து பாருங்க.

1967-ல் பெட்ரோல் பாதையில் நுழைந்தது அந்த ஒயர். குழாயைப் பெரிசாக்குபவர்கள் அதையும் குழாயாகவே எண்ணினால் என்ஜின் தப்பிக்கும்.