ஒரே புகையிரதப் பாதை, இரண்டு கேள்விகள்

கணினி அறையில் எக்செல் விரிதாளைத் திறந்து 'போக்குவரத்துப் பிரச்சினை' செய்தது எங்களில் கனபேருக்கு நினைவிருக்கும். இடப்பக்கம் களஞ்சியங்கள், மேலே ஊர்கள், நடுவில் ஒரு தொன்னை அனுப்பும் செலவு. களஞ்சியத்தில் இருப்பதைவிடக் கூட அனுப்பேலாது, ஊர் கேட்டதைவிடக் குறைக்கவும் ஏலாது. நிபந்தனைகளைக் குடுத்து சோல்வரை அமத்தினால், எங்கிருந்து எங்கே எவ்வளவு அனுப்புவது எண்டு விடை வந்துவிடும். புள்ளியும் வாங்கிவிட்டோம். ஆனால் இந்தக் கணக்கை முதலில் யார், ஏன் போட்டார்கள்?

1930இல் சோவியத் ஒன்றியத்தில் ஏ. என். டோல்ஸ்டோய் (நாவலாசிரியர் இல்லை, இவர் வேற ஆள்) உப்பு, சீமெந்து போன்ற சரக்குகளைப் புகையிரதத்தில் எப்படிக் குறைந்த கிலோமீற்றரில் அனுப்புவது எண்டு எழுதினார். யார் யாருக்கு அனுப்புவது என்பதை வட்டமாக மாற்றிப் பார். மொத்தத் தூரம் குறைந்தால் மாத்து, குறையாட்டி விடு. இதுதான் அவருடைய யோசனை. 10 இடங்களிலிருந்து 68 இடங்களுக்கு அனுப்பும் கணக்கைக் கணினி இல்லாமலே செய்தார். அவருடைய விடையைவிடச் சிறந்தது இல்லை எண்டு பின்னாளில் நவீன முறைகளால் சரிபார்த்திருக்கிறார்கள்.

பிறகு பலர் தனித்தனியே இதே இடத்துக்கு வந்தார்கள். 1939இல் லெனின்கிராட்டில் கன்ரோவிச், ஒட்டுப்பலகை உற்பத்திக் கணக்கிலிருந்து. 1941இல் அமெரிக்காவில் ஹிச்கொக். இரண்டாம் உலகப் போரில் கப்பல்களைப் பங்கிடும் வேலையிலிருந்து கூப்மன்ஸ். 1947இல் அமெரிக்க விமானப்படைக்காக வேலை செய்த டான்ட்சிக், சிம்ப்ளெக்ஸ் முறையைக் கண்டுபிடித்தார். இண்டைக்கும் சோல்வரில் 'சிம்ப்ளெக்ஸ்' எண்டு ஒரு தெரிவு இருக்கிறதே, அது இதுதான்.

இனித்தான் கதை திரும்புது. 1955இல் ஹாரிஸ் என்ற கணிதவியலாளரும் ரொஸ் என்ற ஓய்வுபெற்ற ஜெனரலும் ராண்ட் நிறுவனத்தில் ஓர் இரகசிய அறிக்கை எழுதினார்கள். அதிலும் சோவியத் புகையிரதப் பாதைகள்தான்: 44 சந்திகள், 105 இணைப்புகள். சோவியத்திலிருந்து கிழக்கு ஐரோப்பாவுக்கு ஆகக்கூடியது 163,000 தொன் போகலாம் எண்டு கணக்கிட்டார்கள். ஆனால் அவர்களுக்கு வேண்டியது சரக்கை அனுப்புவது இல்லை. எந்த இணைப்புகளை வெட்டினால் எல்லாம் நிற்கும்? அந்த வெட்டின் அளவும் அதே 163,000. வரைபடத்தில் அந்த இடத்துக்குப் பெயரே 'போத்தல் கழுத்து' எண்டு போட்டிருந்தார்கள்.

இரண்டு இலக்கங்களும் ஒண்டாக இருந்தது தற்செயல் இல்லை. ஒரு வலையமைப்பில் போகக்கூடிய ஆகக்கூடிய அளவும், அதைத் துண்டிக்கத் தேவையான ஆகக்குறைந்த வெட்டின் கொள்ளளவும் எப்போதும் சமம். ஹாரிஸ் கொண்டுவந்த பிரச்சினையில் வேலை செய்த ஃபோர்ட், ஃபுல்கர்சன் இருவரும் இதை நிறுவி 1956இல் வெளியிட்டார்கள். அந்தத் தேற்றம் பாடப்புத்தகங்களுக்குப் போனது. இரகசிய அறிக்கையோ, டச்சுக் கணிதவியலாளர் ஸ்க்ரைவர் கேட்ட பிறகு, 1999இல்தான் வெளியே வந்தது.

விரிதாளில் இதையும் செய்து பார்க்கலாம். ஒவ்வொரு பாதைக்கும் ஒரு கட்டம்; ஒவ்வொரு சந்தியிலும் உள்ளே வருவதும் வெளியே போவதும் சமம்; பாதையின் கொள்ளளவைத் தாண்டேலாது. சோல்வர் தரும் உணர்திறன் அறிக்கை, எந்தப் பாதையை அகலமாக்கினால் மொத்தமும் கூடும் எண்டு பொதுவாகக் காட்டிவிடும். பாலம் கட்டுறவருக்கு அது வேலைப் பட்டியல். குண்டு போடுறவருக்கும் அதுதான்.

பாதை மூடினால் ஊருக்குள் மாவும் மண்ணெண்ணெயும் என்ன விலை போகும் என்ற கதைகளை வீட்டில் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். எங்களுக்கு 163,000 வெறும் இலக்கமாகத் தெரியவில்லை. கணக்கு நடுநிலையானது எண்டு வகுப்பில் சொல்லுவார்கள். கூட்டல் கழித்தல் நடுநிலைதான். ஆனால் 'இலக்குக் கட்டத்தில்' எதை எழுதுவது எண்டு சோல்வர் ஒருநாளும் தீர்மானிக்காது. அதை ஒரு ஆள்தான் எழுத வேணும். அடுத்த முறை அந்தக் கட்டத்தை நிரப்பும்போது, அதைக் கேட்டது யார், வரைபடத்தின் மற்றப் பக்கத்தில் இருப்பது யார் எண்டும் நாங்கள் கேட்போம்.