நட்சத்திரம், சங்கிலி, ஒரு வாளி

1799-ஆம் ஆண்டு. ஸ்ரீரங்கப்பட்டணத்தை முற்றுகையிட ஆங்கிலப் படை நகர்ந்துகொண்டிருந்தது. ஓர் இரவு ஜெனரல் பெயர்டு தலைமையில் ஒரு பிரிவு இருட்டோடு இருட்டாகக் கிளம்பியது. கூடவே போன வில்லியம் லாம்டன் என்ற அதிகாரி அண்ணாந்து பார்த்தார். வடக்கே போக வேண்டிய படை, தெற்கே, நேராகத் திப்புவின் ஆட்கள் கையில் சிக்கப் போய்க்கொண்டிருந்தது. ஜெனரலிடம் சொன்னார். நட்சத்திரத்தைப் பார்த்துப் பாடம் நடத்துகிறவரை எந்த ஜெனரல் நம்புவார்? கடைசியில் திசைகாட்டியைப் பார்த்த பிறகுதான் பெயர்டின் முகம் மாறியது. படை திரும்பியது, பிழைத்தது. வானத்தைப் பார்த்துத் தரையில் நிற்கும் இடத்தைச் சொல்லிவிடலாம் என்ற பித்து லாம்டனுக்கு ஏற்கெனவே உண்டு. அதற்குத் தீனி போட ஒரு தேசமே கிடைக்கப்போகிறது என்று அன்று அவருக்குத் தெரியாது.

போர் முடிந்தது. தீபகற்பத்தைக் கரைக்குக் கரை அளந்துவிடலாம் என்று லாம்டன் ஒரு திட்டம் எழுதிக் கொடுத்தார். அனுமதி வந்தது, ஆனால் கருவி இல்லை. அளக்க ஓர் எஃகுச் சங்கிலி வேண்டும். அது கிடைத்த விதம் தனிக் கதை. சீனப் பேரரசரைக் குளிர்விக்க இங்கிலாந்திலிருந்து கப்பல் நிறையப் பரிசு கொண்டுபோனார்கள். அவருக்கு அந்தச் சாமான்கள் பிடிக்கவில்லை. வேண்டாமென்று வந்ததில் ஒரு சங்கிலியும் இருந்தது. அது கல்கத்தாவில் கைமாறி லாம்டனிடம் வந்து சேர்ந்தது. கோணம் அளக்கும் தியோடலைட்டின் கதை இன்னும் வேடிக்கை. லண்டனிலிருந்து கப்பலேறிய அந்த அரை டன் கருவியை வழியில் பிரெஞ்சுக்காரர்கள் கப்பலோடு பிடித்து மொரீஷியஸுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். பெட்டியைத் திறந்து பார்த்தால் பீரங்கி இல்லை, விஞ்ஞானக் கருவி. பகை நாட்டானாக இருந்தும் அங்கிருந்த கவர்னர் அதைப் பத்திரமாகக் கட்டி, வாழ்த்தும் சொல்லி மெட்ராஸுக்கு அனுப்பிவைத்தார்.

1802 ஏப்ரல் 10. பரங்கிமலை அடிவாரச் சமவெளியில் நூறடிச் சங்கிலியை நீட்டிப் போட்டார்கள். வெயிலில் எஃகு நீளும். மயிரிழை நீண்டாலும் கணக்கு கெடும். அதனால் சங்கிலிக்குப் பந்தல், பந்தலுக்குள் வெப்பமானி. நானூறு முறை போட்டு எடுக்க 57 நாள் ஆயிற்று. அளந்த தூரம் ஏழரை மைல்தான், இன்று ஷேர் ஆட்டோ அரை மணியில் போய்விடும். அந்தக் கோட்டை அடியாக வைத்து முக்கோணத்தின் மேல் முக்கோணமாகக் கட்டிக்கொண்டு லாம்டன் கடலோரமாகத் தெற்கே இறங்கினார். கருங்குழிக் குன்று ஏறி, கடலூர் பக்கத்துத் திருவந்திபுரம் வரை போய், இரவெல்லாம் நட்சத்திரம் பார்த்து, பூமியின் ஒரு பாகைக்கு எத்தனை நீளம் என்று கணக்கிட்டார். அந்தக் கணக்கு எந்த அட்சரேகைக்கு உரியது தெரியுமா? 12 பாகை 32 கலை. மதுராந்தகத்துக்குப் பக்கம்! பாண்டி பஸ்ஸில் தூங்கி வழியும் இடம். அந்த முக்கோண வரிசை தாண்டிய நாட்டில்தான் திண்டிவனம், திண்டிவனத்துக்குத் தெற்கே திருவக்கரை. திருவக்கரை மண்ணில் கிடந்த ஒரு சங்கதிக்கு இந்தக் கதைக்குள் வர இன்னும் இருநூறு வருஷம் பாக்கி இருந்தது.

1808-இல் தஞ்சாவூரில் பெரிய அடி விழுந்தது. மலையே இல்லாத ஊரில் கோயில் கோபுரம்தான் மலை. தியோடலைட்டைக் கயிறு கட்டி மேலே இழுத்தார்கள். கயிறு நழுவியது, கருவி சுவரில் மோதியது, வட்டத் தட்டு நெளிந்துபோயிற்று. வேறொருவராக இருந்தால் லண்டனுக்குக் கடிதம் எழுதிவிட்டு வருஷக்கணக்கில் காத்திருப்பார். லாம்டன் கதவைச் சாத்திக்கொண்டு ஆறு வாரம் உட்கார்ந்து, இழுத்தும் தட்டியும் தட்டைப் பழைய வட்டத்துக்குக் கொண்டுவந்தார். அதே கருவி அதன்பின்னும் பல வருஷம் உழைத்தது. ஆனால் அளந்து முடித்த இடத்தை இன்னொருவர் வந்து மறுபடி கண்டுபிடிப்பது எப்படி?

அதற்குச் செய்த ஏற்பாட்டைத்தான் கவனிக்க வேண்டும். லாம்டனின் வேலையிலிருந்து வளர்ந்த இந்தியப் பெரும் முக்கோண அளவையில் ஒவ்வொரு நிலையத்திலும் ஒரு கல். கல்லில் ஒரு வட்டம், நடுவே ஒரு புள்ளி. அதைப் புதைத்து மேலே மேடை கட்டுவார்கள். எந்த ஊர், எந்தக் குன்று, எந்தப் பக்கம் என்று ஏட்டில் குறிப்பு எழுதுவார்கள். அடுத்த தலைமுறை சர்வேயர் எண்ணையும் குறிப்பையும் கையில் வைத்துக்கொண்டு, புதர் விலக்கி, அந்தப் புள்ளியைத் தேடுவார். மணலைக் குவித்து உள்ளே குச்சியை ஒளித்துக் கைகோத்துப் பொத்தும் கிச்சுக் கிச்சுத் தாம்பாளம் ஆட்டத்தைச் சர்க்கார் செலவில் ஆடியது மாதிரி. ஆனால் இதை ஆட்டம் என்று யாரும் நினைக்கவில்லை. அதை ஆட்டமாக்கும் யோசனை வேறொரு நாட்டில், ஒரு சேற்றுக்காட்டில் முளைத்தது.

1854. இங்கிலாந்தின் டார்ட்மூர் பொட்டல். ஜேம்ஸ் பெரட் என்ற வழிகாட்டி, எளிதில் போய்ச்சேர முடியாத கிரான்மியர் குளத்தருகே ஒரு பாட்டிலை வைத்தார். அவ்வளவு தூரம் நடந்துபோய்ச் சேர்ந்தவர்கள் தங்கள் விசிட்டிங் கார்டை அதில் போட்டுவிட்டு வரலாம். ‘நானும் வந்தேன்’ என்று கோயில் சுவரில் கரியால் எழுதும் அதே ஆசைதான், கொஞ்சம் நாகரிகமாக. பாட்டில் பெட்டியாயிற்று, பெட்டிக்குள் ரப்பர் முத்திரை வந்தது, டார்ட்மூர் முழுக்கப் பெட்டிகள் பெருகின. ஆனாலும் நூறு வருஷத்துக்கும் மேலாக அது ஒரு மூலைப் பழக்கமாகவே கிடந்தது. வழி தெரியாதவனுக்கு இடத்தைச் சொல்ல உலகத்துக்குப் பொதுவான பாஷை கைக்கு வரவில்லை. அது வானத்திலிருந்து வந்தது, கீச் கீச்சென்று கத்திக்கொண்டே.

1957 அக்டோபர் 4-ஆம் தேதி சோவியத் யூனியன் ஸ்புட்னிக் செயற்கைக்கோளை ஏவியது. அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வுக்கூடத்தில் கயர், வைஃபன்பாக் என்ற இரு இளைஞர்கள் அதன் சத்தத்தை ரேடியோவில் பிடித்தார்கள். ரயில் நெருங்கும்போது ஊதல் ஒரு சுருதியிலும், தாண்டிப் போகும்போது வேறு சுருதியிலும் கேட்குமே, அந்த வித்தியாசத்தை வைத்தே ஸ்புட்னிக்கின் பாதையைக் கணக்கிட்டுவிட்டார்கள். மறு வருஷம் அவர்களுடைய மேலதிகாரி மெக்ளூர் கேள்வியைத் தலைகீழாகப் புரட்டினார்: செயற்கைக்கோள் இருக்குமிடம் தெரிந்தால், கேட்பவன் இருக்குமிடத்தைக் கண்டுபிடிக்க முடியாதா? நீர்மூழ்கிக் கப்பல்களுக்கு அந்த விடைதான் தேவைப்பட்டது. அங்கே போட்ட விதை வளர்ந்து 1978-இல் முதல் ஜிபிஎஸ் செயற்கைக்கோள் மேலே போயிற்று. ஆனால் அது ராணுவச் சொத்து. பொதுஜனத்துக்குக் கதவு திறக்க ஒரு பெரும் துயரம் நேர வேண்டியிருந்தது.

1983 செப்டம்பர் 1. சியோலுக்குப் போய்க்கொண்டிருந்த கொரிய விமானம் 007 வழி பிசகிச் சோவியத் வானத்தில் நுழைந்தது. சுட்டு வீழ்த்தினார்கள். 269 பேரும் இறந்தார்கள். தான் எங்கே பறக்கிறோம் என்று விமானிக்குத் தெரிந்திருந்தால் நடந்திராத சாவு. ஜிபிஎஸ் தயாரானதும் உலகத்துக்கு இலவசமாகத் தருவோம் என்று அமெரிக்க அதிபர் ரேகனின் அரசு அறிவித்தது. தந்தது, தரும்போது ஒரு பொய்யையும் கலந்து தந்தது. பொதுமக்களுக்குப் போகும் சமிக்ஞையில் வேண்டுமென்றே பிழை சேர்த்தார்கள். திண்டிவனம் பஸ் நிலையத்தில் நிற்பவரை நூறு மீட்டர் தள்ளிக் காட்டும் அளவுக்குப் பிழை. தன் சமிக்ஞையைத் தானே கெடுத்த அந்த அமெரிக்காவுக்கே வளைகுடாப் போரில் ராணுவக் கருவி போதவில்லை. கடையில் விற்கும் சாதாரணக் கருவிகளை வாங்கிச் சிப்பாய்களுக்குக் கொடுத்துவிட்டு, தான் கலந்த பிழையைத் தானே தற்காலிகமாக நிறுத்தியது! போர் முடிந்ததும் பிழை திரும்பவும் வந்து உட்கார்ந்துகொண்டது. 2006-க்குள் விலக்குவோம் என்றார்கள். ஆனால் விலகியது அதற்கு வெகு முன்னால், ஒரே ராத்திரியில்.

2000 மே 1-ஆம் தேதி அமெரிக்க அதிபர் கிளின்டன் அறிவித்தார், அன்று நள்ளிரவே பிழை நின்றது. விழுப்புரத்தில் அப்போது மறுநாள் காலை ஒன்பதரை மணி, கத்திரி வெயில் எட்டிப் பார்க்கும் நேரம். இங்கே யாருக்கும் எந்த மாற்றமும் தெரியவில்லை. ஆனால் உலகெங்கும் ஜிபிஎஸ் கருவி வைத்திருந்தவர்களுக்குத் துல்லியம் பத்து மடங்கு கூடிவிட்டது. இதைக் கொண்டாட வேண்டுமே! அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் டேவ் அல்மர் என்ற கம்ப்யூட்டர் ஆசாமி யோசித்தார். மே 3-ஆம் தேதி ஒரு கறுப்பு வாளியோடு காட்டுப் பக்கம் போனார்.

போர்ட்லண்டுக்கு வெளியே பீவர்கிரீக் என்ற ஊரருகே, சாலையோரம் அந்த வாளியைப் பாதி புதைத்து வைத்தார். உள்ளே ஒரு நோட்டு, ஒரு பென்சில். அப்புறம் ஒரு வீடியோ கேசட், புத்தகம், நாலு டாலர், உண்டிவில்லின் கைப்பிடி, ஒரு டின் அவரைக்கொட்டை. எடைக்குப் போட்டால்கூட நாலு காசு தேறாத சரக்கு. அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை ஜிபிஎஸ் ஆர்வலர்களின் இணையக் குழுவில் எழுதினார். விதி ஒன்றே ஒன்று: எதையாவது எடுத்தால் எதையாவது வைத்துவிட்டு வர வேண்டும். மூன்றே நாளில் இரண்டு பேர் கண்டுபிடித்துவிட்டார்கள். முதல் ஆளான மைக் டீக், மற்றவர்கள் ஒளித்ததையும் தொகுத்துப் பட்டியல் போட ஆரம்பித்தார். அந்த மாதமே ஆட்டத்துக்குப் பேர் சூட்டும் பிரச்சினை எழுந்தது. முதலில் வழங்கிய பெயரில் கஞ்சா பதுக்கல் வாடை அடித்ததாம். மே 30-ஆம் தேதி மாட் ஸ்டம் என்பவர் பூமியையும் ஒளிவிடத்தையும் குறிக்கும் இரண்டு சொற்களை ஒட்டி ஒரு பெயர் சொன்னார்: ஜியோகேஷிங். தமிழ்க் காதுக்கு ஏதோ கேஷ் கவுன்ட்டர் மாதிரி ஒலிக்கும் இந்த வார்த்தையில் காசு பணம் எதுவும் கிடையாது.

செப்டம்பர் 2-ஆம் தேதி ஜெரமி ஐரிஷ் இதற்கென்று ஒரு தளம் திறந்தபோது உலகம் முழுக்க ஒளித்திருந்த பெட்டிகள் 75. இன்று முப்பது லட்சத்துக்கும் மேல். முதல் வாளியை மட்டும் விதி விடவில்லை. புல்வெட்டும் இயந்திரத்தில் மாட்டிச் சிதைந்துபோயிற்று. அந்த இடத்தில் 2003-இல் நினைவுப் பலகை வைத்தார்கள். அவரைக்கொட்டை டின் மட்டும் தப்பி, இப்போது ஆர்வலர் கூட்டங்களுக்கு உற்சவமூர்த்தி போல எழுந்தருள்கிறது.

ஆட்டம் இந்தியாவுக்கும் வந்தது. வந்த இடத்தில் முட்டிக்கொண்டது. கடலோரப் பகுதிகளின் நுணுக்கமான சர்வே வரைபடங்கள் வெகு காலம் சாமானியர் கைக்குக் கிடைக்காத ரகசியம். 2005-லும் 2021-லும் வந்த புதுக் கொள்கைகள்தான் அந்தப் பூட்டைத் தளர்த்தின. அதைவிடப் பெரிய சங்கடம் பெட்டிதான். கேட்பாரற்றுக் கிடக்கும் பொருளைத் தொடாதீர்கள் என்று விழுப்புரம் ஜங்ஷன் ஒலிபெருக்கி கேட்டு வளர்ந்தவர்கள், புதருக்குள் மூடி போட்ட டப்பாவைப் பார்த்தால் பென்சிலையா தேடுவார்கள்? போலீசுக்குப் போன் போடுவார்கள், அது நியாயமும்கூட. மரக்காணம் பக்கத்துக் கழுவேலியை எடுத்துக்கொண்டால் சிக்கல் இன்னொரு மாதிரி. தென்னிந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரிகளில் ஒன்று அது. 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமானது. அங்கே ஒருவர் டப்பா வைக்க, பத்துப் பேர் தேடி நாணலை மிதிக்க, பறவை என்ன செய்யும்? உலகெங்கும் இயற்கைக் காப்பிடங்கள் இதே கேள்வியைக் கேட்டன. விடை ஆஸ்திரேலியக் கடற்கரையிலிருந்து வந்தது.

2004 ஜனவரி. நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் முரமராங் தேசியப் பூங்கா. அங்கே வாஸ்ப் ஹெட் என்ற கடல்முனைப் பாறைகளில் கேரி லூயிஸ் என்ற புவியியலாளர் ஒரு புது மாதிரி ஆட்டத்தை வைத்தார். எண்கள் உண்டு, ஆனால் பெட்டி இல்லை, நோட்டு இல்லை. நடந்துபோய்ப் பாறையைப் பார்க்க வேண்டும். அடுக்கு எப்படி, நிறம் என்ன, உள்ளே பதிந்த கல் எங்கிருந்து வந்திருக்கும் என்று கேட்ட கேள்விக்கு, கண்ணால் கண்டதை வைத்து விடை எழுதி அனுப்ப வேண்டும். எர்த்கேஷ் என்று பெயர். எடுப்பதும் இல்லை, வைப்பதும் இல்லை. ஒளித்து வைக்க மனுஷனே தேவையில்லை, பூமி முன்பே ஒளித்து வைத்திருக்கிறது.

இருநூறு வருஷம் காத்திருந்த திருவக்கரை இங்கேதான் கதைக்குள் வருகிறது. வக்கிரகாளியம்மன் கோயிலுக்குப் பௌர்ணமிக் கூட்டம் அலைமோதும் அதே ஊர். ஊருக்குக் கிழக்கே செம்மண் மேட்டில் மரங்கள் படுத்துக் கிடக்கின்றன, அத்தனையும் கல். சிலது 15 மீட்டர் நீளம். பக்கத்தில் குந்திப் பார்த்தால் மரத்தின் வரி தெரியும், கணு தெரியும், குறுக்கே உடைந்த முகத்தில் வளையம் தெரியும். விரலால் சுண்டினால் மரச் சத்தம் வராது, கல்லின் சத்தம்தான். பியர் சொன்னரா என்ற பிரெஞ்சு இயற்கை ஆய்வாளர் 1781-லேயே இவற்றைக் குறித்துவைத்தார். வயசு சுமார் இரண்டு கோடி வருஷம். எர்த்கேஷ் கேட்கும் மாதிரியான கேள்வி ஒன்றை இங்கே கேட்கலாம்: இந்த மரங்களுக்கு வேர் எங்கே, கிளை எங்கே? எதற்கும் இல்லை. ஆகவே இவை இங்கே வளர்ந்த மரங்களே அல்ல. எங்கோ நின்றவற்றை ஏதோ ஒரு வெள்ளம் அடித்து வந்து, மணலைப் போட்டு மூடிவிட்டுப் போயிருக்கிறது. மரத்தின் ஒவ்வொரு அணுவாக இறங்க, அந்த இடத்தில் மணற்சத்தான சிலிக்கா ஏறி உட்கார்ந்திருக்கிறது.

அல்மர் வாளியை வைத்துவிட்டுப் போன மூன்றாம் நாளே ஆள் வந்துவிட்டது. இந்த வெள்ளம் வைத்துவிட்டுப் போனதை எழுத்தில் குறிக்க, இரண்டு கோடி வருஷம் கழித்துப் புதுச்சேரிப் பக்கம் வந்த ஒரு பிரெஞ்சுக்காரர் தேவைப்பட்டார்.

இன்று அந்த இடம் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் தேசியக் கல்மரப் பூங்கா, விழுப்புரம் மாவட்டம், வானூர் வட்டம். மொத்தம் 247 ஏக்கர். பொதுமக்கள் பார்க்கத் திறந்திருப்பது அதில் ஒரு மூலை மட்டும். அங்கிருந்து கல்மரத் துண்டு எதையும் எடுத்துவரக் கூடாது.