பூ வரைந்த சிறுமி

பெண்பிள்ளை பூ வரைகின்றாள் என்றால் வியப்பார் எவருமிலர். உலகம் அவளிடம் எதிர்பார்ப்பதும் அதுவே. ஆயினும் இக்காலத்துப் பெற்றோர் சிலருக்கு ஒரு புதிய ஐயம் பிறந்திருக்கின்றது. ஊரார் பெண்ணுக்கென வகுத்துவைத்த ஒன்றையே தம் மகளும் விரும்பும்போது, அதனை ஊக்குவித்தல் அவளைப் பழைய கட்டுக்கே ஒப்புக்கொடுப்பதாகாதோ என்பதே அது. நியாயமான ஐயந்தான். இதனைத் தெளிவதற்குப் பதினேழாம் நூற்றாண்டில் ஜேர்மனியிலே பிறந்த ஒரு பெண்மணியின் வரலாறு துணைபுரியும்.

மரியா சிபில்லா மெரியன் 1647 ஆம் ஆண்டில் பிராங்போர்ட் நகரிற் பிறந்தார். செப்புத்தகட்டிற் படஞ் செதுக்குவதிலும் நூல் வெளியிடுவதிலும் பெயர்பெற்றிருந்த தந்தையார், குழந்தைக்கு மூன்று வயதாயிருக்கையிற் காலமானார். தாயார் மறு ஆண்டிலே யாக்கோபு மாரெல் என்னும் ஓவியரை மணந்தார். மாரெல் மலர் வரைவதில் வல்லவர். தூலிப் மலர்களை வரைந்து தொகுத்தவர்.

வசதியுள்ள வீட்டுப் பெண்களுக்குப் பூ வரைதலும், வரைந்ததைத் துணியிலே பூத்தையலாக இழைத்தலும் தக்க பொழுதுபோக்கெனக் கருதப்பட்ட காலம் அது. ஆதலின் மாரெல் தம் வளர்ப்பு மகளின் கையிலே தூரிகையைக் கொடுத்ததிற் புதுமை ஏதுமில்லை. ஆனால் பெண்ணுக்கு இவ்வளவு போதும் என்று அவர் பாதியில் நிறுத்தினாரல்லர். பிழைப்புக்கு உதவும் தொழிலாக அக்கலையை அவளுக்குப் பயிற்றினார். அக்காலத்து மலரோவியங்களில் இதழ்மேலே ஒரு வண்டோ, இலையோரத்தில் ஒரு புழுவோ இடம்பெறுதல் வழக்கம். பூவைச் செவ்வையாக வரைய விரும்புவோர் புழுவையும் உற்று நோக்கியே ஆகவேண்டும். சிறுமியின் கண் பூவிலிருந்து புழுவுக்குச் சென்றது இவ்வாறே போலும்!

பதின்மூன்று வயதில் மரியா பட்டுப்புழுக்களை அவதானிக்கத் தொடங்கினார். பின்னர், கண்ட புழுக்களையெல்லாம் சேகரித்து வளர்க்கலானார். புழுவும் பூச்சியும் சேற்றினின்றும் அழுகலினின்றும் தாமே தோன்றுவன என்று கற்றோரிற் பலரும் நம்பியிருந்த காலமது. அந்நம்பிக்கையைப் பரிசோதனையால் மறுத்த இத்தாலிய அறிஞர் ரெடியின் நூல் 1668 ஆம் ஆண்டிலேதான் வெளிவந்தது. சிறுமி பட்டுப்புழு வளர்த்தது அதற்கு எட்டாண்டுகளுக்கு முன்னராகும்.

மணமான பின்னர் நூரம்பேர்க் நகரில் வாழ்ந்தபோதும் பெண்ணுக்குரியதென வகுத்த எல்லை அவரை விட்டபாடில்லை. அந்நகர ஓவியர் சங்கத்தின் விதிப்படி பெண்கள் எண்ணெய் வர்ணத்தைக் கையாளலாகாது. நீர்வர்ணம் மாத்திரம் கையாளலாம். மரியா நீர்வர்ணத்திலேயே வரைந்தார். செல்வர் வீட்டுக் கன்னியருக்கு ஓவியமும் பூத்தையலும் கற்பித்தார். தையலுக்கு உதவும் மாதிரிகளாகப் பூப்படங்களை 1675 ஆம் ஆண்டு முதல் நூலாக வெளியிட்டார். அம்மாணவியரின் வீட்டுத் தோட்டங்களே அவருக்குப் புழுக்களை வழங்கிய ஆய்வுக்களங்களாயின என்பது சுவையான செய்தி. 1679 இல் வெளிவந்த அவருடைய புழு நூலின் ஐம்பது படங்களிலே, புழு, கூட்டுப்புழு, சிறகு முளைத்த பூச்சி ஆகியவற்றை அது உண்ணும் செடியோடு சேர்த்து ஒரே தாளிற் காணலாம். எந்தப் புழு எந்த இலையை உண்ணும் என்பதை அத்துணைப் பொறுமையோடு குறித்தோர் அவருக்கு முன்னர் அரியர்.

பின்னர் அவர் அம்ஸ்டர்டாம் நகருக்குக் குடிபெயர்ந்தார். அந்நாளில் நமது யாழ்ப்பாணக் கோட்டையைத் தம்வசம் வைத்திருந்த ஒல்லாந்தர், தென்னமெரிக்காவின் சூரினாமிலும் கரும்புத் தோட்டங்கள் நடத்திவந்தனர். 1699 ஆம் ஆண்டில், தம் ஐம்பத்திரண்டாவது வயதில், ஓவியங்களை விற்றுப் பொருள்தேடிக்கொண்டு, இளைய மகள் டொரோத்தியாவுடன் அங்கே கப்பலேறினார். சர்க்கரையைத் தவிர வேறொன்றைத் தேடி வந்தவரென்று அங்குள்ளோர் தம்மை எள்ளியதை அவரே எழுதியிருக்கின்றார். நோயுற்று 1701 இல் திரும்பியவர், 1705 இல் அறுபது படங்களோடு சூரினாம் பூச்சிகளைப் பற்றிய பெருநூலை வெளியிட்டார். உயிரினங்களுக்குப் பெயரிட்ட லின்னேயஸ் பின்னாளில் அப்படங்களை ஆதாரமாகக் கொண்டார்.

பத்தாந் தரத்துக்குப் பாடந் தெரியும் காலத்தில் எம் பாடசாலைகளில் நடப்பதை இங்கே எண்ணிப் பார்க்கின்றேன். சித்திரமோ நடனமோ தெரிந்த மாணவியின் தந்தை, "பெண்பிள்ளைக்கு ஏற்றதுதானே" என்று கூறிவிட்டு அதன்பின் அதனைப்பற்றி ஒரு வார்த்தையும் கேட்பதில்லை. இன்னொருவர், "இந்தப் பெண்பிள்ளை வேலை வேண்டாம்" என்று கொப்பியையே பறித்துவிடுகின்றார். இருவரும் ஊராரின் கணிப்பை நோக்குகின்றனரேயன்றிப் பிள்ளை வரைந்த தாளை நோக்குகின்றாரிலர். மாரெல் அத்தாளை நோக்கினார். அவர் "பூ பெண்களுக்குரியது" என்று தூரிகையைப் பறித்திருந்தால் புழு நூல் இல்லை. "பூ மட்டும் போதும்" என்று நிறுத்தியிருந்தாலும் இல்லை.

மரியா தம் புதல்வியர் இருவருக்கும் அதே கலையையே கற்பித்தார். அவர் 1717 இல் மறைந்தார். அவ்வாண்டிலேயே ருஷியப் பேரரசர் முதலாம் பீற்றருக்காக அவருடைய ஓவியங்கள் பல வாங்கப்பட்டன. தாயுடன் சூரினாம் சென்ற டொரோத்தியாவும் ருஷியா சென்று, சென் பீற்றர்ஸ்பேர்க் நகரில் அரசரின் அரும்பொருட் சாலைக்குப் படம் வரைந்தும் மாணவருக்கு ஓவியங் கற்பித்தும் வாழ்ந்தார்.