கடலுக்கும் மேடு பள்ளம் உண்டு

கடல் மட்டத்திற்கு மேல் இத்தனை மீட்டர் என்று இரயில் நிலையப் பெயர்ப்பலகைகளில் பொறித்திருப்பதை, ஊருக்குச் சென்று மீளும்போதெல்லாம் நாம் காண்கிறோம். வானவடியில் வாழும் நமக்குப் புனே நகரின் உயரம் சுமார் 560 மீட்டர் என்பது தெரியும். ஆனால் எந்தக் கடலின் மட்டத்திலிருந்து? மும்பைக் கடலிலிருந்தா, சென்னைக் கடலிலிருந்தா? இரண்டும் ஒன்றே எனத்தான் எவரும் எண்ணுவர்.

1802-ஆம் ஆண்டு லாம்ப்டன் என்பார் சென்னைப் பரங்கிமலை அருகே தொடங்கிய நில அளவைப் பணி, பின்னர் நாடெங்கும் பரவிற்று. அதன் ஒரு பகுதியான உயர அளவை 1909-இல் நிறைவுற்றது. தரைவழியே அளந்து வந்தோர் ஒரு வியப்பைக் கண்டனர். விசாகப்பட்டினத்துக் கடல், மும்பைக் கடலைவிட ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் உயர்ந்திருந்தது! ஆயினும் மும்பை, கொச்சி, நாகப்பட்டினம், சென்னை முதலிய ஒன்பது துறைமுகங்களிலும் கடலின் சராசரி மட்டம் ஒன்றே எனக் கொண்டு, நாட்டின் உயரக் கணக்கை வகுத்தனர்.

அவ்வேறுபாடு அளவைப் பிழையன்று. கோவாவிலுள்ள தேசியக் கடலாய்வு நிறுவனத்தின் அறிஞர்களான சங்கர், ஷெட்யே இருவரும் 2001-இல் அதன் காரணத்தை விளக்கினர். கங்கை, பிரமபுத்திரா முதலிய பேராறுகளும் பெருமழையும் வங்கக் கடலின் உப்பைக் குறைக்கின்றன. உப்புக் குறைந்த நீர் இலேசானது. ஆதலின் உயர்ந்து நிற்கிறது.

இதனோடு நீரோட்டங்களும் சேர்கின்றன. புவி சுழல்வதனால், நம் வடபாதி உலகில் ஓடும் நீரோட்டத்தின் வலப்புறத்தில் கடல் சற்று உயர்ந்தும், இடப்புறத்தில் தாழ்ந்தும் நிற்கும். கார்த்திகையில் சோழமண்டலக் கரையோரம் நீரோட்டம் தெற்கு நோக்கிச் செல்கிறது. கரை அதன் வலப்புறம் அமைவதால் சென்னையில் கடல்மட்டம் உயர்கிறது. பங்குனியில் அது வடக்கே திரும்பும், மட்டமும் தாழும். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்திலோ மேற்குக் கரையில் நீரோட்டம் தெற்கே செல்ல, கரை இடப்புறம் அமைகிறது. எனவேதான் மழை கொட்டும் நாள்களில் கொச்சியில் கடல்மட்டம் குறைகிறது.

இஃது ஏட்டளவில் நிற்கும் செய்தியன்று. நம் உறவினர் வாழும் கீழைக் கரையில், கார்த்திகைப் புயல் ஏற்கெனவே உயர்ந்து நிற்கும் கடலின்மீதே வீசுகிறது. 1901 முதல் 2018 வரை உலகக் கடல்மட்டம் சராசரியாக ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் உயர்ந்துள்ளது. அச்சராசரி ஒன்றை மட்டும் கொண்டு நாகைக்கும் மும்பைக்கும் ஒரே அளவில் கரைகட்ட இயலாது. அந்தந்தக் கரையின் நீரோட்டத்தையும் அறிந்தே நாம் காப்புத் தேடல் வேண்டும்.