6174 (கப்ரேக்கர் மாறிலி)

நான்கு இலக்க எண்களின் கழித்தல் விளையாட்டு வந்து நிற்கும் எண் 6174. மகாராஷ்டிரத்தின் தேவ்லாலியில் பள்ளி ஆசிரியராக இருந்த கப்ரேக்கர் (1905–1986) இதைக் கண்டறிந்து, 1949-இல் சென்னையில் நடந்த கணித மாநாட்டில் அறிவித்தார்.

தென்காசி மாவட்டம் புளியங்குடியின் அஞ்சல் குறியீடு 627855. அதன் கடைசி நான்கு இலக்கங்களை எடுத்துக்கொள்வோம். இறங்கு வரிசையில் அடுக்கியதிலிருந்து ஏறு வரிசையில் அடுக்கியதைக் கழிக்க வேண்டும்: 8755 − 5578 = 3177. இப்படியே தொடர்ந்தால் 6354, 3087, 8352. ஐந்தாம் படியில் 6174. பிறகு நகர்வதில்லை: 7641 − 1467 = 6174.

எல்லா இலக்கமும் ஒன்றாக இல்லாத எந்த நான்கிலக்க எண்ணும் ஏழு படிகளுக்குள் இங்கே வந்துவிடும். முன்னால் வரும் சுழியையும் இலக்கமாகக் கொள்ள வேண்டும், அவ்வளவுதான். பெரிய இலக்கத்துக்கும் சிறிய இலக்கத்துக்கும் உள்ள வேறுபாட்டின் 999 மடங்கும், நடு இரண்டின் வேறுபாட்டின் 90 மடங்கும் சேர்ந்ததே கழித்தலின் விடை. ஆகவே முதல் படியிலேயே ஆயிரக்கணக்கான எண்கள் 54 விடைகளுக்குள் சுருங்கிவிடுகின்றன. அந்த 54-ஐயும் தாளில் சரிபார்த்தால் நிரூபணம் முடிந்தது. பள்ளிப் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல பயிற்சி அரிது.

மூன்று இலக்கங்களில் இந்த இடம் 495-க்கு. ஐந்து இலக்கங்களில் ஒற்றை எண் கிடையாது, சுழற்சிகளே.

6174-இன் இலக்கக் கூடுதல் 18. அந்த 18-ஆல் வகுத்தால் 343, அதாவது 7-இன் கனம். இலக்கக் கூடுதலால் மீதியின்றி வகுபடும் எண்களுக்கு ‘ஹர்ஷத்’ என்று பெயரிட்டவரும் கப்ரேக்கரே.